எண்ணெய் இறங்கிய மண்ணில் வீடு கட்டலாமா?

போன இதழில், உற்பத்தி முடிந்த எண்ணெய் வயல்களை மூடி, அந்த மண்ணைச் சுத்தம் செய்து வீடும் கடையும் கட்டுகிறார்கள் என்று நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், எண்ணெய் வயலே இல்லாத நம் திருநெல்வேலிச் சீமைக்கும் இதில் எவ்வளவு சம்பந்தம் இருக்கிறது என்று தெரிகிறது. ஒருவருக்கு மகன் குவைத்தில், ஒருவருக்குச் சம்பந்தி வீடு திருவாரூரில், இன்னொருவர் வாங்கப்போகிற மனையே பழைய பெட்ரோல் பங்க். நான் வளைகுடாவில் இந்த மண் சுத்தம் செய்கிற வேலையிலேயே இருந்துவிட்டு வந்தவன் என்பதால் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன். கேட்டவர்கள் பெயரைப் போட வேண்டாம் என்றதால் ஊர் மட்டும்.

கேள்வி: அண்ணாச்சி, என் மகன் குவைத்தில் மண் அள்ளுகிற கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறான். பாலைவனத்தில் எதற்கு மண்ணை அள்ளி இன்னொரு இடத்தில் கொட்டுகிறீர்கள் என்று கேட்டால் "எண்ணெய் ஏரியைச் சுத்தம் பண்றோம் உம்மா" என்கிறான். எண்ணெயில் ஏரியா? அவன் உடம்புக்கு ஒன்றும் ஆகாதே?
வாசகி, மேலப்பாளையம்

எண்ணெயில் ஏரிதான் அம்மா. 1991 பிப்ரவரியில் ஈராக் படை குவைத்தைவிட்டுப் பின்வாங்கும்போது 600-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்துவிட்டுப் போனது. கடைசித் தீ அணைய அந்த வருஷம் நவம்பர் ஆகிவிட்டது. தீப்பிடிக்காமல் உடைந்து கிடந்த கிணறுகளிலிருந்து கச்சா எண்ணெய் பீறிட்டு ஓடி, பள்ளம் கண்ட இடத்தில் எல்லாம் தேங்கியது. நூற்றுக்கணக்கான இடங்களில் இப்படித் தேங்கிக் கிடந்தது. தீயை அணைக்க இறைத்த கடல் தண்ணீரும் அதோடு சேர்ந்துகொண்டது. மேலே நின்ற எண்ணெயில் பெரும்பகுதியைப் பிறகு உறிஞ்சி எடுத்துவிட்டார்கள், மண்ணுக்குள் இறங்கினதுதான் இன்னும் கிடக்கிறது. புகையிலிருந்து விழுந்த கரியும் எண்ணெய்த் துளியும் மணலோடு சேர்ந்து இறுகி, சில இடங்களில் தரையே ஓடு கட்டியிருக்கும். அதைத் தார்க்ரீட் என்பார்கள்.

இதற்கெல்லாம் காசு யார் கொடுத்தது என்றால், ஈராக். ஐக்கிய நாடுகள் சபை ஒரு இழப்பீட்டு ஆணையம் அமைத்து, ஈராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து பிடித்துக் கொடுத்தது. எல்லா வகை நஷ்டத்துக்கும் சேர்த்து சுமார் 5,240 கோடி டாலர், கடைசித் தவணை கட்டப்பட்டது 2022 ஜனவரியில். சண்டை முடிந்து 30 வருஷம் கழித்து! அதில் சுற்றுச்சூழலுக்கு என்று குவைத்துக்குக் கிடைத்த பங்கில்தான் இந்த மண் வேலை நடக்கிறது.

மகன் செய்யும் வேலை இப்படி இருக்கும். முதலில் வெடிக்காமல் கிடக்கும் குண்டும் கண்ணிவெடியும் இருக்கிறதா என்று அதற்கென்று பழகின ஆட்கள் தேடி எடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் மண்ணைத் தொடுவார்கள். தோண்டுகிற மண்ணில் எண்ணெய் எவ்வளவு என்று சோதித்துப் பிரிப்பார்கள். குறைவாக இருப்பதைப் பரப்பிப் போட்டு உரமும் தண்ணீரும் கொடுத்து நுண்ணுயிரிகளிடம் விட்டுவிடலாம். அதிகமாக இருப்பதைச் சூடான தண்ணீரில் கழுவுவதும் உண்டு, உலையில் போட்டு எண்ணெய் ஆவியாகும்வரை சூடாக்குவதும் உண்டு. மணலைக் கழுவுவது சுலபம். களிமண் கழுவ வராது, ஏனென்றால் எண்ணெய் போய் ஒட்டிக்கொள்வதே அந்த நைசான துகளில்தான். எதற்கும் அடங்காத மண்ணை, அடியில் கனமான பிளாஸ்டிக் விரிப்பு போட்ட குழியில் கொட்டி மூடுவார்கள்.

உடம்பைப் பற்றிக் கேட்டீர்கள். பழைய எண்ணெயில் சுலபமாக ஆவியாகிற பகுதி ஏற்கெனவே போயிருக்கும், அதனால் புதுக் கிணற்றடி வேலையைவிட இதில் மூச்சு வழியாக வரும் ஆபத்து குறைவு. ஆனால் ஆழத்தில் தோண்டும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரலாம். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிருச்சு" என்று நினைக்கிற நேரம்தான் மிக மோசமான நேரம். அதனால் வாயு காட்டும் கருவியைச் சட்டையில் மாட்டாமல் குழிக்குள் இறங்கக்கூடாது என்று அவனிடம் சொல்லுங்கள். அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணிவரை வெயிலில் வேலை வாங்கத் தடை இருக்கிறது, அதையும் அவன் விட்டுக்கொடுக்க வேண்டாம். எண்ணெய் பட்ட சட்டையை ரூமுக்குக் கொண்டுவந்து மற்ற துணியோடு துவைக்கவும் கூடாது.

கேள்வி: பாளையங்கோட்டையில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு மனை வருகிறது அண்ணாச்சி. முன்னால் பெட்ரோல் பங்க் இருந்த இடம், மூடிப் பல வருஷம் ஆச்சு. பக்கத்து மனையைவிட விலை நல்ல கம்மி. கீழே கடை, மேலே வீடு என்று யோசனை. வாங்கலாமா?
வாசகர், பாளையங்கோட்டை

விலை ஏன் கம்மி என்பதற்குப் பதில் தரைக்குக் கீழே இருக்கலாம் தம்பி, அதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

பங்கில் பெட்ரோல் அடிக்கிற மிஷின்தான் நம் கண்ணுக்குத் தெரியும். டேங்க் பூமிக்குள் புதைந்திருக்கிறது, அங்கிருந்து மிஷினுக்குக் குழாய் போகிறது. பழைய இரும்பு டேங்கில் துருப்பிடித்து ஊசித் துளை விழுந்தாலே போதும், நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டே இருக்கும், ஆவியாகிப் போச்சு என்று கணக்கில் கழித்துவிடுவார்கள். போன பெட்ரோல் மண்ணுக்குள் நேரே இறங்கி நிலத்தடி நீர் மட்டத்தில் போய் மிதக்கும். அதில் இருக்கிற பென்சீன் தண்ணீரில் கொஞ்சம் கரையவும் செய்யும். ரத்தப் புற்றுநோய் வரவைக்கும் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்த பொருள் அது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

முதலில் காகிதங்களைக் கேளுங்கள். நாம் எக்ஸ்புளோசிவ் லைசென்ஸ் என்று சொல்கிறோமே, பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு கொடுப்பது, அதை முறையாக ஒப்படைத்த கடிதம் வேண்டும். டேங்கைத் தோண்டி எடுத்தார்களா, உள்ளேயே விட்டு மணல் நிரப்பினார்களா, எடுத்திருந்தால் அந்தக் குழியின் அடிமண்ணைச் சோதித்த ரிப்போர்ட் இருக்கிறதா, டேங்கும் குழாயும் எந்த இடத்தில் இருந்தன என்று வரைபடம் இருக்கிறதா, இத்தனையும் கேளுங்கள். வில்லங்கச் சான்றில் எண்ணெய்க் கம்பெனியின் குத்தகைப் பத்திரம் பதிவாகியிருந்தால் பங்க் எத்தனை வருஷம் ஓடியது என்பதும் தெரிந்துவிடும்.

அப்புறம் மண். "மண்ணை டெஸ்ட் பண்ணியாச்சு" என்று ஒரு காகிதத்தை நீட்டுவார்கள், எந்த ஆழத்தில் எடுத்தது என்று கேட்டால் பதில் வராது. மேல் மண்ணை ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தால் சுத்தம் என்றுதான் ரிப்போர்ட் வரும், ஏனென்றால் மேலே சிந்தின பெட்ரோல் அன்றைக்கே ஆவியாகியிருக்கும். துளை போட வேண்டிய இடங்கள் வேறு. டேங்க் குழியின் அடிமட்டத்துக்கும் கீழே, மிஷின் நின்ற திட்டுக்கு அடியில், டேங்கர் லாரி வந்து நின்று இறக்கின இடத்தில், நிலத்தடித் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்க எல்லையில். விவசாயத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் இதற்குச் சோதனை கிடையாது, அங்கே உப்பும் சத்தும்தான் பார்ப்பார்கள். எண்ணெய்க்கும் பென்சீனுக்கும் என்ஏபிஎல் (சோதனைக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள லேப் வேண்டும்.

துளை போடும் அன்றைக்கு நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். நம் பக்கத்துச் செம்மண்ணில் ஆகர் என்கிற துளைக்கருவி இறங்கும்போது மண் சிவப்பாகவே வந்துகொண்டிருக்கும், ஒரு ஆழத்தில் சட்டென்று சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்துக்கு மாறினால் அங்கே நிறுத்திக் கவனியுங்கள். மண்ணுக்குச் சிவப்பைக் கொடுப்பது இரும்பு. எண்ணெயைத் தின்கிற நுண்ணுயிரிகள் காற்றை எல்லாம் இழுத்துக்கொண்டால் அந்த இரும்பு நிறம் இழந்துவிடும். அந்த மண்ணை எடுத்து மூக்கருகே கொண்டுபோக வேண்டாம், நின்ற இடத்திலேயே வாடை தெரியும். அதைக் கண்ணாடி ஜாடியில் இடைவெளி இல்லாமல் அடைத்து, மூடியை இறுக்கி, ஐஸ் பெட்டியில் வைத்து உடனே லேப்புக்கு அனுப்ப வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டி ஜன்னலோரம் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனால் பென்சீன் வழியிலேயே பறந்துவிடும், லேப்காரர் மேல் தப்புச் சொல்ல முடியாது.

ரிப்போர்ட்டில் எண்ணெய் தெரிந்தால் மனையை விட்டுவிட வேண்டும் என்று அர்த்தம் இல்லை. குழியைச் சுற்றி மட்டும் என்றால் தோண்டி எடுத்துவிடலாம். ஆழத்தில் பரவியிருந்தால் குழாய் இறக்கிக் காற்றை உறிஞ்சி எடுக்கிற முறை இருக்கிறது, பெட்ரோல் சுலபமாக ஆவியாகிற பொருள் என்பதால் அதற்கு நன்றாகவே வேலை செய்யும், மாதக்கணக்கில் ஆகும். தண்ணீரில் கலந்திருந்தால்தான் காலமும் செலவும் இழுத்துக்கொண்டு போகும். செலவு யாருடையது என்பதைக் கிரய ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள், விற்கிறவர் செலவு அது. சோதனையே கூடாது என்று அவர் சொன்னால் அந்த இடம் உங்களுக்கு வேண்டாம் தம்பி, பாளையங்கோட்டையில் வேறு மனை கிடைக்கும்.

ஒன்று மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். பழைய டேங்க் உள்ளேயே இருந்தால், காலியாகத்தானே இருக்கிறது என்று கூலிக்கு ஆள் பிடித்து உள்ளே இறக்கிவிடாதீர்கள். பல வருஷம் மூடிக் கிடந்த டேங்கிலும் ஆவி இருக்கும், மூச்சுவிடக் காற்று இருக்காது. ஒருவர் மயங்கி விழுந்தால் தூக்குவதற்கு இன்னொருவர் இறங்குவார், அப்படித்தான் ஒரே குழியில் இரண்டு மூன்று உயிர் போகிறது. அதற்கு லைசென்ஸ் உள்ள ஆட்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா என்பது உண்மையா, விளம்பரமா?
கல்லூரி மாணவி, தென்காசி

உண்மை. கடலுக்கடியில் இயற்கையாகவே எண்ணெய் கசிகிற இடங்கள் உலகத்தில் உண்டு, அதைத் தின்று வாழும் நுண்ணுயிரிகளும் எப்போதும் உண்டு. டெல்லியில் உள்ள டெரி நிறுவனம் அப்படிச் சில வகைகளைச் சேர்த்து 'ஆயில்சாப்பர்' என்று உருவாக்கி, நம் நாட்டுச் சுத்திகரிப்பு ஆலைகளின் எண்ணெய்ச் சகதிக்குப் பயன்படுத்தியிருக்கிறது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது ஆட்கள் வாளியில் அள்ளியதைப் பார்த்திருப்பீர்கள், அப்படி அள்ளின சகதிக்கும் கடைசியில் நுண்ணுயிரி முறைதான் கைகொடுத்தது. ஆனால் பாக்கெட்டைப் பிரித்துத் தூவினால் வேலை முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்குக் காற்று வேண்டும், ஈரம் வேண்டும், தழைச்சத்தும் மணிச்சத்தும் வேண்டும், உப்பு அதிகம் இருக்கக்கூடாது. நம் வெயில் அதற்குச் சாதகம்தான். டீசலைச் சில மாதத்தில் முடிக்கும், தார் மாதிரிக் கெட்டியானதைத் தொடவே தொடாது.

கேள்வி: மகளைத் திருவாரூர் பக்கம் கொடுத்திருக்கிறோம். சம்பந்தி வீட்டு வயலில் ஒரு பகுதியை எண்ணெய்க் கம்பெனி குத்தகைக்கு எடுத்துக் கிணறு இறக்கியிருந்தது. இப்போது கிணற்றை மூடியாச்சு, நிலத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்களாம். மறுபடி நெல் வருமா? அதில் வீடு கட்டலாம் என்று மருமகன் சொல்கிறார்.
வாசகி, அம்பாசமுத்திரம்

நெல்லுக்கும் வீட்டுக்கும் பதில் வேறு வேறு அம்மா.

காவிரி டெல்டாவில் நரிமணம், கமலாபுரம், அடியக்கமங்கலம், கோவில்களப்பாள் என்று பல ஊர்களில் எண்ணெயும் எரிவாயுவும் எடுத்திருக்கிறார்கள். 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அங்கே புதிதாக எண்ணெய், எரிவாயு தேடுவதைத் தடுத்துவிட்டது. ஏற்கெனவே இருக்கும் கிணறுகள் வற்ற வற்ற மூடப்படும், அதனால் இந்தக் கேள்வி இனிமேல் நிறையப் பேருக்கு வரும்.

நெல்லுக்கு எதிரி எண்ணெயைவிட உப்புதான். எண்ணெயோடு சேர்ந்து பூமிக்குள்ளிருந்து உவர்த் தண்ணீர் வரும், கிணறு பழசாக ஆக எண்ணெய் குறைந்து அந்தத் தண்ணீர் கூடும். அது சிந்தின இடத்தில் நிலம் களர் ஆகிவிடும். எண்ணெயைக் காலம் தின்றுவிடும், உப்பைத் தின்ன எந்த நுண்ணுயிரியும் கிடையாது, நல்ல தண்ணீர் கட்டி, வடிகால் வெட்டி, வெளியே கழுவி விட்டால்தான் போகும். களர் நிலத்துக்கு நம் ஊரில் ஜிப்சம் போட்டுத் தண்ணீர் கட்டி வடிப்போமே, அதே வேலைதான். நல்லவேளை, இதை மட்டும் விவசாயத் துறை மண் பரிசோதனை நிலையத்திலேயே பார்த்துவிடலாம்.

இன்னொன்று சேற்றுக் குழி. கிணறு இறக்கும்போது துளைக்குள் விடுகிற சேற்றையும் வெட்டி எடுத்த கல்துகளையும் ஒரு குழியில் கொட்டி வைப்பார்கள், அந்தச் சேற்றைக் கனமாக்க பேரியம் உள்ள பாரைட் மாவு சேர்ப்பது வழக்கம். குழியை வெறுமனே மண் தள்ளி மூடியிருக்கிறார்களா, சேற்றை அள்ளி எடுத்துப் போனார்களா என்று தெரிய வேண்டும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. மழைக்குப் பிறகு அந்த இடம் மட்டும் சதசதவென்று கிடந்தால், புல்லும் ஒழுங்காக முளைக்காமல் இருந்தால், அங்கே மண் எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ரிக் நிறுத்த ஜல்லி போட்டு அமுக்கின இடத்தில் ஜல்லியை வாரிவிட்டு ஆழமாக உழ வேண்டும். நெல் வரும், ஆனால் முதல் இரண்டு மூன்று போகம் மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

வீட்டு விஷயத்தில் மருமகனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், கிணற்று வாய்க்கு மேல் வேண்டாம். மூடுவது என்றால் எண்ணெய் வந்த ஆழத்தில் சிமெண்ட் அடைப்பு, நல்ல தண்ணீர் இருக்கிற மட்டத்தை ஒட்டி இன்னொரு அடைப்பு, மேலே ஒன்று என்று போட்டு, இரும்புக் குழாயைத் தரைக்குக் கீழே வெட்டி மூடி வைப்பார்கள். பிறகு மேலே பார்த்தால் வெறும் வயல். சிமெண்டும் இரும்பும் எத்தனை காலம் தாங்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. என்றைக்காவது கசிந்தால் திரும்ப ரிக் வந்து நிற்க இடமும் பாதையும் வேண்டும், அதன்மேல் அடுப்படி இருந்தால் என்ன செய்வது? கிணற்றின் சரியான இடம் குறித்த வரைபடமும், அடைப்பு எந்தெந்த ஆழத்தில் போட்டார்கள் என்ற அறிக்கையின் நகலும் எழுத்தில் வாங்கி நிலப் பத்திரத்தோடு வையுங்கள். பேரன் காலத்தில் அது வேண்டியிருக்கும்.

சோதனை முடிவு வராமல் "நிலத்தை நல்ல நிலையில் திரும்பப் பெற்றுக்கொண்டேன்" என்று சம்பந்தி கையெழுத்துப் போட வேண்டாம். பக்கத்தில் இன்னும் ஓடுகிற குழாய் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியதும் அதற்குப் பிறகு அந்த ஊரில் நடந்த போராட்டமும் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

கேள்வி: அண்ணன் மகன் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வீடு பார்க்கிறான். காகிதத்தில் "அருகில் கைவிடப்பட்ட எண்ணெய்க் கிணறு உள்ளது" என்று எழுதியிருக்கிறதாம். பயப்பட வேண்டுமா?
வாசகர், நாங்குநேரி

எழுதியிருப்பதே நல்ல அறிகுறி. அந்த ஊரே எண்ணெய் வயல் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அங்கே சிக்னல் ஹில் என்று ஒரு குன்று, 1921-இல் எண்ணெய் வந்ததும் மரம் முளைத்த மாதிரி டெரிக் என்கிற எண்ணெய்க் கிணற்றுக் கோபுரங்கள் முளைத்துவிட்டன. இன்றைக்கு அதே குன்றில் நல்ல விலைக்கு வீடுகள் விற்கிறது. எப்படி முடிந்தது என்றால், பழைய கிணறு இருக்கிற மனையில் கட்டுகிறவர் முதலில் அதைத் தோண்டி வெளியே எடுத்துக் கசிவு பார்க்க வேண்டும், அந்தக் காலத்து அடைப்பு சரியில்லை என்றால் இன்றைய முறைப்படி திரும்ப அடைக்க வேண்டும். அந்தக் காலத்தில் கட்டை, பழைய கயிறு என்று கையில் கிடைத்ததைப் போட்டு அடைத்த கிணறுகளும் உண்டு.

இந்தக் கண்டிப்பு சும்மா வரவில்லை. 1985 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸ் ஃபேர்ஃபாக்ஸ் பகுதியில் ஒரு துணிக்கடை வெடித்து 23 பேர் காயம்பட்டார்கள். பழைய எண்ணெய் வயல் இருந்த பகுதி அது. பூமிக்குள்ளிருந்து மேலேறின மீத்தேன் கடையின் ஒரு அறையில் சேர்ந்திருந்தது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை மீத்தேன் கலந்தால் ஒரு பொறி போதும். மீத்தேனுக்கு வாடையும் கிடையாது, நம் சிலிண்டர் கேஸில் வருகிற நாற்றம் தெரிவதற்காகச் சேர்ப்பது. இப்போது அந்த நகரத்தில் மீத்தேன் மண்டலம் என்று வரைபடமே போட்டு, அங்கே கட்டுகிற கட்டடத்துக்கு அடியில் வாயு புகாத விரிப்பு, அதற்கும் கீழே வாயுவை வெளியேற்றும் குழாய், உள்ளே எச்சரிக்கைக் கருவி என்று விதி வைத்திருக்கிறார்கள். அதே ஊரில் பழைய எண்ணெய் வயல் மேல் பள்ளிக்கூடம் கட்ட ஆரம்பித்து, மீத்தேன் பயத்தால் பாதியில் நிறுத்தி, கோடிகளைக் கொட்டி, கடைசியில் 2008-இல்தான் திறந்தார்கள். மண்ணை முதலிலேயே சோதித்திருந்தால் பிள்ளைகள் அத்தனை வருஷம் காத்திருந்திருக்க வேண்டாம்.

அதனால் அண்ணன் மகன் மூன்றைக் கேட்கட்டும். கிணற்றை எந்த வருஷம் மறுபடி அடைத்தார்கள், வீட்டுக்கு அடியில் விரிப்பு இருக்கிறதா, கருவி வேலை செய்கிறதா. கலிபோர்னியா அரசே எல்லாக் கிணறுகளையும் இணைய வரைபடத்தில் போட்டிருக்கிறது, உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கலாம். அப்படி ஒரு வரைபடம் தமிழ்நாட்டுக் கிணறுகளுக்கும் பழைய பங்க், பழைய டிப்போக்களுக்கும் தாலுகா வாரியாகப் பொதுமக்கள் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்று நான் பல வருஷமாக ஆசைப்படுகிறேன். மண்ணைச் சுத்தம் செய்வதில் கஷ்டமான பகுதி மிஷின் வேலை இல்லை, எங்கே என்ன கிடக்கிறது என்பது தெரிவதுதான்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் இருந்த பழைய காற்றாலையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கியர் ஆயில் சொட்டின இடம் கருப்பாகக் கிடக்கிறது, புல் முளைக்கவில்லை. என்ன செய்ய?
வாசகர், பணகுடி

இது நீங்களே செய்யக்கூடியது. கியர் ஆயில் கெட்டி, பெட்ரோல் மாதிரி ஆழத்துக்கு ஓடாது, பெரும்பாலும் மேல் ஒன்றிரண்டு அடியிலேயே நிற்கும். தேரி மணல் என்றால் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கலாம், தோண்டிப் பாருங்கள். கட்டியாக, பிசுபிசுப்பாக இருக்கிற மண்ணைத் தனியே எடுத்துவிடுங்கள். அதை ஓடையிலோ பாழ்கிணற்றிலோ தள்ளாதீர்கள், எண்ணெய் ஊறின மண் அபாயகரக் கழிவுக் கணக்கில் வரும், காற்றாலைக் கம்பெனியிடமே திருப்பி ஒப்படைக்கக் கேளுங்கள். மிச்சத்தைக் கனத்த தார்பாய் விரித்து, சுற்றி வரப்புக் கட்டி, ஒரு அடி உயரத்துக்கு மிகாமல் பரப்பி, மட்கின சாணமும் கொஞ்சம் யூரியா, சூப்பர் பாஸ்பேட்டும் கலந்து, வாரம் ஒருமுறை புரட்டிவிட்டு, கையில் பிடித்தால் ஈரம் தெரியும் அளவுக்குத் தண்ணீர் தெளியுங்கள். சகதியானால் காற்றுப் போகாது. ஆனி, ஆடிக் காற்றில் உங்கள் ஊரில் மண் ஒரே நாளில் காய்ந்துவிடும், அதனால் ஐப்பசி மழைக்கு முன்னால் ஆரம்பிப்பது நல்லது, மேலே மழை நேரே விழாமல் மூடிக்கொள்ளுங்கள். ஒரு வருஷமாவது ஆகும். லேப் ரிப்போர்ட் பார்க்காமல் அதில் காய்கறி போட வேண்டாம்.

டிரான்ஸ்ஃபார்மர் நின்ற இடம் கருப்பாக இருந்தால் அதை மட்டும் தொடாதீர்கள். மிகப் பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் பிசிபி என்ற நச்சு கலந்திருக்க வாய்ப்பு உண்டு, அது நுண்ணுயிரிக்குச் சீக்கிரம் மசியாது. முதலில் சோதனை, பிறகுதான் மண்வெட்டி.

கேள்வி: எங்கள் ஊரில் பழைய ஆயில் குடோன் இருந்த இடத்தில் நாலு அடிக்குக் கிராவல் அடித்து மேடாக்கி பிளாட் போட்டு விற்கிறார்கள். பக்கத்துக் கிணற்றில் எண்ணெய் மிதக்கிறது. யாரிடம் போவது?
வாசகர், சங்கரன்கோவில்

கிராவல் அடித்தால் எண்ணெய் கீழேதான் இருக்கும், எங்கேயும் போகாது. இன்னும் சொன்னால், பிறகு அதை எடுப்பதற்கு நாலு அடி கூடுதலாகத் தோண்ட வேண்டும், அந்தச் செலவு பிளாட் வாங்கின ஏழைகள் தலையில் விழும். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காதீர்கள்.

மத்திய அரசு 2025 ஜூலையில் மாசடைந்த இடங்களுக்கென்றே தனி விதிகளை அறிவித்திருக்கிறது. சந்தேகப்படும் இடத்தை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாரியம் 90 நாளில் முதல் கட்ட ஆய்வு செய்ய வேண்டும், மாசு உறுதியானால் காரணமானவரைக் கண்டுபிடித்து அவர் செலவில் சுத்தம் செய்ய வைக்க வேண்டும். அந்த விதிகள் வந்த நேரத்தில் நாடு முழுக்க 103 இடங்களைத்தான் மாசடைந்தவை என்று கணக்கெடுத்திருந்தார்கள், அதிலும் ஏழில் மட்டும்தான் சுத்தம் செய்யும் வேலை தொடங்கியிருந்தது. உங்கள் ஊர் மாதிரி இடங்கள் அந்தப் பட்டியலுக்குள் வர வேண்டும் என்றால் ஊரார்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சர்வே எண்ணோடு கலெக்டருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்டப் பொறியாளருக்கும் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள். கிணற்றுத் தண்ணீரை யாரும் குடிக்கவோ மாட்டுக்குக் காட்டவோ வேண்டாம். மனு கொடுப்பதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். நம் பக்கம் இரும்புச் சத்துள்ள தண்ணீரிலும் வானவில் நிறத்தில் ஒரு ஏடு மிதக்கும், அதை எண்ணெய் என்று நினைத்துப் புகார் கொடுத்தால் அதையே காட்டி உங்கள் மனுவைத் தள்ளிவிடுவார்கள். வாளியில் மேல் தண்ணீரை மெதுவாக மொண்டு வைத்து, அந்த ஏட்டை ஒரு குச்சியால் கலையுங்கள். உடைந்த கண்ணாடி மாதிரித் துண்டு துண்டாகப் பிரிந்து பிரிந்தபடியே நின்றால் அது இரும்பு. குச்சியைச் சுற்றிச் சுழித்துக்கொண்டு போய் உடனே மறுபடி ஒன்றாகச் சேர்ந்தால் எண்ணெய். அதை போனில் வீடியோ எடுத்து, தேதி தெரியும்படி மனுவோடு இணைத்துவிடுங்கள்.